இக்கிதெபா

மூன்றாம் மாடிச் சன்னலில்
உள்ளிருந்து ஒட்டிய அட்டை: இக்கிதெபா.
தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம்
ஒட்டுநாடாவின் அடியில் மங்கியிருந்தது.

விற்பனைக்கு என்று பொருள்.
திபிலிசி முழுக்கத் தொங்கும் சொல்தான்,
பழைய லாடாவின் பின்கண்ணாடியில்,
பாதி கட்டிய வீட்டின் நெற்றியில்.
ஆனால் வாங்குவதும் விற்பதும்
எங்கள் மொழியில் ஒரே வேரில் கிளைத்தவை.
கொஞ்சம் காதைக் கொடுத்தால்
"வாங்கப்படுகிறது" என்றும் கேட்கும்,
யாரோ ஏற்கெனவே படியேறி வருவதுபோல.
ஐந்து மாதமாய் ஒரு ஈ காக்கை வரவில்லை
என்றாள் லம்ஸிரா.

நான் இலக்கணம் படித்தவனல்ல.
பியானோ இறக்குகிறவன்.
சொலோலாக்கி வீடுகளின் மரப்படிகளை
என் முழங்கால் மனப்பாடமாய் ஒப்பிக்கும்.
தோளில் வார்ப்பட்டையோடு
பேரம் படியக் காத்திருக்கும் நேரத்தில்
காதுக்கு வேறு வேலை கிடையாது.

"ரா கிர்ஸ்?" என்றான் ஜும்பெர்,
ருஸ்தாவியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவன்.
என்ன விலை என்பதுதான்.
அந்த கிர்ஸிலிருந்து வந்ததே கிர்செபா,
மானம், மதிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.
ஆக, தக்காளிக்காரியிடம்கூட
உன் மானம் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்,
கிலோவுக்கு.

நானூறு லாரி என்றாள்.
அவன் ஒரு கட்டையை அமுக்கினான்.
போனது மேலே எழவில்லை.
முந்நூறு.
"அது எப்போதும் அப்படித்தான்,
என் தம்பி அந்த ஒன்றை விட்டுவிட்டே வாசிப்பான்."
இருநூற்று எண்பது.

விளக்கம் சொல்லக் கூடாது, லம்ஸிரா.
இருபது வருடமாய்ப் பார்க்கிறேன்,
ஒவ்வொரு விளக்கத்துக்கும் இருபது லாரி இறங்கும்.
எப்படியோ முந்நூற்றிருபதில் நின்றது.
நோட்டை எண்ணி அடுப்பின் ஓரம் வைத்தான்,
அவள் கையில் தரவில்லை.

வாங்கினேன் என்பதற்கு முன்னால்
'க' என்று ஓர் அசையைப் போட்டால்
ஏறத்தாழ விற்றேன் என்றாகிவிடும்.
வெளியே என்பதுபோல ஒரு 'க'.
அதே அசைதான்
கதவைத் திறந்தாள் என்பதிலும் இருக்கிறது,
உடைந்தது என்பதிலும்,
பொழுது விடிந்தது என்பதிலும்.
இத்தனை சுமையை
ஓரெழுத்தின் தலையில் ஏற்றியவன்
எங்களைப்போல் கூலிக்காரனாக இருக்க மாட்டான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நானும் ஓத்தியாவும் மூச்சு வாங்க நின்றபோது
மேலே அவள் தொலைபேசியில் இருந்தாள்,
தெசலோனிகியில் வேலை பார்க்கும் மகளோடு.
"பியானோவை வாங்கிவிட்டேன்" என்றாள்.
அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு 'க'வை மட்டும்,
தவறிய பொத்தானை எடுத்துத் தருவதுபோல,
தனியாகச் சொன்னாள்.

ஓத்தியா என்னைப் பார்க்கவில்லை.
பட்டையை இறுக்கினான்.
இருநூற்றுப் பத்துக் கிலோ.
அடுத்த படி, அதற்கடுத்தது.

வண்டியில் ஏற்றிக் கிளம்புகையில்
அட்டை சன்னலிலேயே இருந்தது.
மறந்துவிட்டாளா,
வீட்டுக்கும் சேர்த்துத்தானா என்று கேட்கவில்லை.

வழியில் ஓத்தியா சீமைப் பனிச்சைப் பழத்துக்கு
வண்டியை நிறுத்தச் சொன்னான்.
"ரா கிர்ஸ்?"
மூன்று லாரி என்றாள் பழக்காரி.
இன்று பேரம் பேச மாட்டான் என்று நினைத்தேன்.
பேசினான், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே.
இரண்டரைக்கு இறங்கினாள்,
திட்டிக்கொண்டே நிறுத்தாள்,
முள் நின்ற பிறகு ஒரு பழத்தை
எடை பார்க்காமல் மேலே வைத்தாள்.

அது விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை.
அதற்கென்று எங்களிடமும் ஒரு சொல் இருக்கும்.
ருஸ்தாவி வரும்வரை யோசித்தேன்.
பழத்தை ஓத்தியா தின்றுவிட்டான்.